முகமூடியும் இருளும்

நுழையும்முன்

முகத்தை மறைத்துக்கொண்டு இரவில் நகரைக் காக்கும் வீரனின் கதையைத் தமிழில் படமாக்க முனைவோர் இரண்டு வினாக்களை எதிர்கொள்கின்றனர். வெளிச்சம் மிகுந்த நகரில் இருளை எங்கிருந்து பெறுவது? நடிகரின் முகத்தைக் காண வரும் பார்வையாளருக்கு மூடிய முகத்தை எவ்வாறு காட்டுவது? 2012ஆம் ஆண்டு வெளிவந்த 'முகமூடி' திரைப்படத்தை நடுவாகக் கொண்டு, இத்தகைய படங்களின் ஒளி, உடை, களம் ஆகியவற்றின் வடிவமைப்பை இப்பாடம் விளக்குகிறது.

இரவு வராத நகர்

தியாகராய நகரில் முழு இரவு என்று ஒன்று வருவதில்லை. உஸ்மான் சாலையின் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் தம் முகப்பு முழுவதையும் விளக்குகளால் போர்த்தியிருக்கின்றன. ரங்கநாதன் தெருவில் கூட்டம் கலைந்து, கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிய பின்னும் பெயர்ப்பலகைகள் எரிந்துகொண்டிருக்கும். பனகல் பூங்காவைச் சுற்றி ஊர்திகளின் ஒளி ஓய்வதேயில்லை. 1920களில் மாம்பலம் ஏரிப் பரப்பைத் தூர்த்து உருவாக்கப்பட்டு, பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய இக்குடியிருப்பு, நூறாண்டுக்குள் தென்னிந்தியாவின் பெரும் வணிகப் பகுதிகளுள் ஒன்றாகிவிட்டது.

கோடம்பாக்கத்தை அடுத்திருப்பதால் திரைத்துறையும் இங்கே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. தயாரிப்பு அலுவலகங்களும் கதை விவாதிக்கும் அறைகளும் இதன் உள்தெருக்களில் நிறைந்துள்ளன. சிவாஜி கணேசனின் அன்னை இல்லமும் எம்.ஜி.ஆர். நினைவு இல்லமும் இந்நகரிலேயே அமைந்துள்ளன. அவ்விருவரின் முகங்களும் தமிழ்த்திரையை ஒரு தலைமுறைக் காலம் ஆண்டவை. கண் சிவப்பதையும் கன்னம் துடிப்பதையும் காண்பதற்காகவே சீட்டு வாங்கிய பார்வையாளர்கள் இருந்தனர். ஒளிப்பதிவாளரின் முதற்கடமை நாயகனின் முகத்தில் நிழல் விழாமல் காப்பதே என்று கருதப்பட்ட காலமும் உண்டு. வெளிச்சமான தெருவும் வெளிச்சமான முகமும் பழகிய இத்திரையுலகில் இருண்ட சூப்பர் ஹீரோ படம் ஒன்றை எடுப்பது எளிய செயலாக இருக்க முடியாது.

வேற்று நாட்டில் இவ்வகைப் படங்கள் தோன்றிய சூழல் வேறு. 1939ஆம் ஆண்டு அமெரிக்கச் சித்திரக்கதை இதழில் பாப் கேன், பில் ஃபிங்கர் ஆகியோரின் படைப்பாகப் 'பேட்மேன்' அறிமுகமானான். தாளில் கறுப்பு மை பரவிய இடமெல்லாம் அவனுக்கு ஒளிவிடமாயிற்று. அவன் வாழும் காத்தம் நகரம் கற்பனையில் பிறந்தது. ஆதலின் அதை எவ்வளவு வேண்டுமானாலும் இருட்டாக்கலாம். 1989ஆம் ஆண்டு டிம் பர்ட்டன் இயக்கிய படத்திற்காகக் கலை வடிவமைப்பாளர் ஆன்டன் ஃபர்ஸ்ட், இங்கிலாந்தின் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில் அந்நகரைக் கட்டினார். கட்டடங்கள் மேலே செல்லச்செல்லத் தெருவை நோக்கிக் கவிந்து வானத்தை மறைத்தன. பகலிலும் தரைக்கு ஒளி வாராத நகரம் அது. அவ்வடிவமைப்பு ஆஸ்கர் விருதையும் பெற்றது.

சென்னையோ கிடைமட்டமாகப் பரந்த நகரம். நான்கைந்து மாடிகளுக்கு மேல் வானம் தொடங்கிவிடுகிறது. உயரத்திலிருந்து கறுப்பாடை விரியக் குதித்து இறங்கும் வீரனுக்கு இங்கே போதிய உயரமில்லை. மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, மேம்பாலத்தின் அடிப்பகுதி, கட்டி முடிக்கப்படாத கட்டடம், துறைமுகத்தின் பாரந்தூக்கி என நகர் தன்னிடம் வைத்திருப்பனவற்றிலிருந்தே அவனுக்குரிய களத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அயல்நாட்டுப் படங்களின் கோபுரங்களை இங்கே நகலெடுத்து நிறுத்தினால் பார்வையாளர் சிரித்துவிடுவர்.

இருளை உண்டாக்கும் முறை

படப்பிடிப்புக் கருவியை இருட்டில் வைத்து இயக்கினால் இருளைப் பதிவுசெய்துவிடலாம் என்று தோன்றக்கூடும். அவ்வாறு எடுத்த காட்சியில் கரிய பரப்பும் அதில் நெளியும் புள்ளிகளும்தாம் மிஞ்சும். திரையில் பார்வையாளர் இருள் என உணர்வது, ஒரு சிறு பகுதியில் ஒளி விழுந்து, அதைச் சூழ்ந்த பகுதி விடப்பட்டிருக்கும் நிலையை. ஆகவே இருண்ட காட்சிக்கும் விளக்குகள் தேவை. பல வேளைகளில் பகற்காட்சியைவிடக் கூடுதலாகவே தேவைப்படும்.

ஒளியமைப்பில் அடிப்படையாக மூன்று விளக்குகளைக் குறிப்பிடுவர். முகத்தின் மீது நேராகவோ பக்கவாட்டிலோ விழுவது முதன்மை ஒளி. அதனால் எழும் நிழலை மென்மையாக்க எதிர்ப்புறத்திலிருந்து தருவது நிரப்பொளி. தலைக்கும் தோளுக்கும் பின்னிருந்து வந்து, உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவது பின்னொளி. குடும்பக் கதைகளில் நிரப்பொளி தாராளமாக வழங்கப்படும். இருண்ட படங்களிலோ அது குறைக்கப்படும் அல்லது முற்றிலும் நீக்கப்படும். முகத்தின் ஒருபாதி மறைந்துவிட, மறுபாதி கூர்மை பெறும். முதன்மை ஒளியையும் அணைத்துவிட்டுப் பின்னொளியை மட்டும் நிறுத்தினால், உருவத்தின் ஓரக்கோடு மட்டும் தெரியும். கறுப்பு உடையணிந்தவனைக் கறுப்புப் பின்னணியில் காட்ட இந்த ஓரக்கோடே உதவுகிறது.

ஒளி காற்றில் தெரிவதில்லை. அது படுவதற்கு ஏதேனும் பொருள் வேண்டும். அதனால்தான் இரவுக்காட்சிகளில் புகை பரப்புகிறார்கள். தெருவையும் நீரூற்றி நனைக்கிறார்கள். ஈரச்சாலை தொலைவிலுள்ள விளக்கைத் தரையில் ஏந்திக்கொள்ள, கரிய நிலம் ஆழம் பெறுகிறது. மழை பெய்யாத மாதத்திலும் திரைப்படச் சென்னையின் இரவுச் சாலைகள் ஈரமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

தெரியுமா?

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடும் இடத்தில் தூண்களின் நிழல் விழாதவாறு விளக்குகளை அமைத்த செய்தியைக் கூறுகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளையும் அக்காதை குறிப்பிடுகிறது. அரங்க ஒளியில் நிழலை விலக்குவது அன்றைய கலை நெறி.

நிழலை வேண்டியழைக்கும் கலையும் தமிழருக்குப் புதிதன்று. இரவு முழுவதும் நிகழும் தெருக்கூத்தில், முதன்மை வேடம் பூண்பவர் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிந்து வருவார். எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டிய அணிகள் அவை. மெலிந்த உழவர் ஒருவர் அவற்றைப் பூண்டதும் தோள் அகன்று, தலை உயர்ந்து, பேருருக் கொள்கிறார். தீவட்டியின் ஒளி அசையுந்தோறும் கண்ணாடிச் சில்லுகள் மின்னி மின்னி மறையும். குறைந்த ஒளியில் உடலைப் பெரிதாக்கிக் காட்டுவது, இருட்டில் சில புள்ளிகளை மட்டும் மின்னச் செய்வது என்னும் இரு நுட்பங்களும் சூப்பர் ஹீரோ உடையின் அடிப்படைகள். இவ்வுறவைத் தமிழ்த்திரையின் வடிவமைப்பாளர்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1954: இருளும் மாறுவேடமும்

தமிழ்த்திரை இவ்விரண்டையும் ஒரே ஆண்டில் தனித்தனியே கையாண்டது. வீணைக் கலைஞராகவும் புகழ்பெற்ற எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் தயாரித்த 'அந்த நாள்' 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. பாடலோ நடனமோ இல்லாத அப்படத்தில் நாயகன் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கிறார். இரண்டாம் உலகப்போரின்போது, 1943இல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய நாள்களே கதைக்காலம். விளக்கணைப்புக் கட்டுப்பாடுகளால் இந்நகர் உண்மையாகவே இருண்டிருந்த காலம் அது. சாய்ந்த கோணங்களும் பாதி முகத்தை மறைக்கும் ஒளியும், எவர் கூற்றையும் முழுதாக நம்ப முடியாத அக்கதையின் ஐயத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தின.

அதே ஆண்டில் வெளிவந்த 'மலைக்கள்ளன்', நாமக்கல் கவிஞரின் புதினத்தைத் தழுவியது. செல்வரிடம் கவர்ந்து எளியோருக்கு உதவும் நாயகனாக எம்.ஜி.ஆர். மாறுவேடங்களில் தோன்றினார். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை அப்படம் பெற்றது. மாறுவேட வீரனை மக்கள் உடனே ஏற்றனர். வேடத்திற்குள் இருப்பவர் யார் என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. பாடலற்ற இருண்ட படமோ திறனாய்வாளர் போற்றும் படைப்பாக நிலைத்ததேயன்றி, உடனடியாகப் பின்பற்றப்படவில்லை.

இருளைப் பெரும்போக்குப் படங்களுக்குள் கொண்டுவந்தவர்கள் பின்வந்த ஒளிப்பதிவாளர்கள். 1982ஆம் ஆண்டின் 'மூன்றாம் பிறை'க்குத் தேசிய விருது பெற்ற பாலு மகேந்திரா, சாளரத்தின் வழி வரும் இயல்பான ஒளியை நம்பினார். 1987இல் 'நாயகன்' வெளிவந்தது. மும்பையின் தாராவிப் பகுதியைத் தோட்டா தரணி சென்னையில் அரங்கமாக அமைக்க, பி.சி. ஸ்ரீராம் அதில் நாயகனின் முகத்தையே நிழலுக்குள் நிறுத்தினார். இருவருக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. நாயகன் இருளில் நின்றாலும் பார்வையாளர் உடன் நிற்பர் என்பது அப்போது தெளிவாயிற்று.

கழுத்தைத் திருப்ப முடியாத வீரன்

உடை வடிவமைப்பின் சிக்கலை ஒரு சிறு செய்தி நன்கு விளக்கும். 1989ஆம் ஆண்டின் பேட்மேன் படத்தில் தலைக்கவசமும் தோளும் ஒன்றாக இணைந்த இரப்பர் உடையை நடிகர் மைக்கேல் கீட்டன் அணிந்தார். அதனால் அவரால் கழுத்தைத் திருப்ப இயலவில்லை. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமாயின் மார்பையும் சேர்த்தே திருப்ப வேண்டியிருந்தது. அந்தத் தடையே ஒருவகைக் கம்பீரமாகித் திரையில் சிலை அசைவதுபோலத் தோன்றியது. 2008ஆம் ஆண்டு கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய 'தி டார்க் நைட்' படத்தில்தான் தலைக்கவசம் உடையிலிருந்து பிரிக்கப்பட்டது. தலையைத் திருப்ப வேண்டும் என்று நாயகனே கேட்டுப் பெறுவதாகக் கதையிலும் அது இடம்பெற்றது. பல சிறு துண்டுகளைக் கோத்து அமைத்த அவ்வுடையில், துண்டுகளின் விளிம்புகள் பின்னொளியை வாங்கி மெல்லிய கோடுகளாக மின்னின.

ஒரே கறுப்பால் தைத்த உடை திரையில் ஓட்டைபோலத் தெரியும். எனவே ஒளியை விழுங்கும் மங்கிய கறுப்பு, சற்றே பளபளக்கும் கறுப்பு, நீலம் கலந்த கறுப்பு எனப் பல கறுப்புகளை வடிவமைப்பாளர் சேர்க்கிறார். தியாகராய நகரின் பட்டுக்கடைகளில் இதே அறிவு அன்றாடம் செயற்படுவதைக் காணலாம். கடைவிளக்கில் கறுப்பெனத் தோன்றும் புடவையை வாசலுக்கு எடுத்துச்சென்று பகலொளியில் விரித்துப் பார்க்கும் பெண்கள், அது கருநீலம் என்றோ அரக்கு என்றோ கண்டறிகின்றனர். துணியின் நிறம் துணியில் மட்டும் இல்லை. அதன்மீது விழும் விளக்கிலும் இருக்கிறது. பழைய சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் ஒளியில் நீல உடை கறுப்பாகிவிடும். இன்றைய வெண்ணிற எல்இடி தெருவிளக்கில் அதே உடை நீலத்தை வெளிப்படுத்திவிடும். ஆகவே காட்சி எந்த விளக்கின்கீழ் நிகழவிருக்கிறது என்பதை அறியாமல் உடைக்குத் துணி தேர்ந்தெடுக்க இயலாது.

முகமூடியின் கண்துளைகள் மற்றொரு சிக்கல். துளையின் விளிம்புக்கும் கண்ணுக்கும் இடையே தோல் தெரிந்தால், அச்சம் தரவேண்டிய உருவம் வேடிக்கையாகிவிடும். அதனால் நடிகரின் கண்களைச் சுற்றிக் கரிய மை பூசி, முகமூடியும் தோலும் ஒன்றெனத் தோன்றச் செய்வது வழக்கம். 2022ஆம் ஆண்டின் 'தி பேட்மேன்' படம், முகமூடி கழற்றிய பின் கலைந்து வழியும் அந்த மையை வெளிப்படையாகவே காட்டியது. மையின் நடுவே கருவிழியில் ஒரு துளி ஒளி விழுமாறு சிறு விளக்கொன்றையும் வைப்பர். அந்தத் துளி இல்லையேல் முகமூடிக்குள் உயிர் இருப்பதே தெரியாது.

'முகமூடி'யின் சென்னை

மிஷ்கின் இயக்கத்தில், ஜீவா நாயகனாக நடித்த 'முகமூடி' 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று வெளிவந்தது. யுடிவி நிறுவனம் தயாரித்தது; சத்யா ஒளிப்பதிவு செய்தார்; கே இசையமைத்தார். வேற்றுலக ஆற்றலோ பெருஞ்செல்வமோ இல்லாத இளைஞன் ஒருவன் இதில் நாயகன். புரூஸ் லீயை நினைவூட்டும் வகையில் லீ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் அவனுக்குத் தெரிந்தது குங்ஃபூ மட்டுமே. கதையின் தேவைக்கேற்ப ஹாங்காங்கின் டோனி லியூங் சியூ-ஹங் சண்டைக்காட்சிகளை அமைத்தார்.

வேடம் உருவாகும் விதமே இப்படத்தின் சிறந்த வடிவமைப்புக் கருத்து. நாயகன் முதலில் முகமூடி அணிவது, தான் விரும்பும் பெண்ணையும் அவள் வீட்டுக் குழந்தைகளையும் மகிழ்விக்க. பள்ளி ஆண்டு விழாவின் மாறுவேடப் போட்டிக்கு வந்தவன்போல நிற்கிறான். பழி சுமந்து தலைமறைவான பின்னரே வேடம் கனம் பெறுகிறது. அப்போதும் கோடீசுவரரின் ஆய்வுக்கூடம் அவனுக்கு உதவுவதில்லை. கிரீஷ் கர்னாட் நடித்த தாத்தாவே துணைநிற்கிறார். சூப்பர் ஹீரோ உடைக்குத் தமிழ்க் குடும்பத்தில் நம்பத்தக்க பிறப்பிடம் ஒன்றைத் தந்தமை பாராட்டத்தக்கது.

அவனை எதிர்ப்போரும் முகமூடி அணிந்த கொள்ளையரே. நரேன் ஏற்ற அவர்தம் தலைவன் பாத்திரமும் குங்ஃபூ வல்லவன். ஆகவே காவலனையும் கள்வனையும் முகமூடியைக் கொண்டு வேறுபடுத்த முடியாது. நிற்கும் முறை, அசையும் முறை ஆகியவற்றால்தான் பார்வையாளர் அவர்களைப் பிரித்தறிய வேண்டும். இங்கேதான் மிஷ்கினின் காட்சிமொழி பொருந்துகிறது. 'அஞ்சாதே' முதலாகவே அவர் முகத்தை அண்மையில் காட்டுவதைக் குறைத்து, முழு உருவத்தையும் தொலைவிலிருந்து நீண்ட நேரம் காட்டுபவர். குனிந்த தலை, கால்களின் நடை, கூட்டத்தின் நடுவே அசையாது நிற்கும் ஒற்றை உருவம் ஆகியவற்றால் உணர்ச்சியைச் சொல்பவர். முகம் மூடப்பட்ட கதைக்கு உடலைப் பேசவைக்கும் இயக்குநர் பொருத்தமானவரே. கீழிருந்து நோக்கும் கோணமும் துறைமுகத்தில் நிகழும் இறுதிச் சண்டையும் தாழ்ந்த நகரின் வீரனுக்குத் தேவையான உயரத்தைத் தேடித்தருகின்றன.

எதிர்பார்த்த வரவேற்பு படத்திற்குக் கிட்டவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். வடிவமைப்பில் புலப்படும் காரணம் ஒன்று உண்டு. முற்பகுதியின் சென்னை, பாடலும் குறும்பும் நிறைந்த பழகிய நகரம். பிற்பகுதியின் இருண்ட நகரம் அதிலிருந்து வளர்ந்து வருவதாக அமையவில்லை. இறுதியில் தோன்றும் கனத்த உடை அயல்நாட்டுப் படங்களை நினைவூட்ட, தாத்தாவின் வீட்டில் பிறந்த வேடத்தின் எளிமை மறைந்துவிடுகிறது. 2021ஆம் ஆண்டின் மலையாளப் படம் 'மின்னல் முரளி' இவ்விடத்தில் கவனமாக நடந்துகொண்டது. அதன் நாயகன் ஊர்த் தையற்காரன். ஆகவே உடை எங்கிருந்து வந்தது என்னும் வினாவே எழவில்லை.

கருமையும் தோலும்

இருண்ட படம் தமிழ்நாட்டில் எடுக்கப்படும்போது இன்னொன்றும் சேர்கிறது. புகைப்படச்சுருளின் நிறத்தைச் சரிபார்க்க அயல்நாட்டு நிறுவனங்கள் நெடுங்காலம் பயன்படுத்திய மாதிரி அட்டைகளில் வெள்ளைத்தோல் பெண்களின் படங்களே இருந்தன. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் கருந்தோல் ஒளி போதாத பரப்பாகத் தோன்றும். அதைச் சரிசெய்ய முகப்பூச்சை மிகுதியாக்கியும் விளக்கைக் கூட்டியும் நாயகியரையும் நாயகரையும் வெளுப்பாக்கும் வழக்கம் இங்கே நிலைபெற்றது. நிரப்பொளியைத் துறக்கும் இருண்ட படத்தில் அவ்வழக்கம் செல்லாது. வெண்பூச்சுப் பூசிய முகம் இருளில் தனித்து மிதக்கும்.

கருந்தோலை நேர்விளக்கால் தாக்கினால் தட்டையாகத் தெரியும். அகன்ற, மென்மையான ஒளியைப் பக்கவாட்டிலிருந்து அளித்தால் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒளி வழுக்கி நிற்கும். வியர்வையின் மினுக்கமும் அங்கே துணைசெய்யும். சென்னையின் கோடை இரவில் அதற்குப் பஞ்சமில்லை. பாலு மகேந்திராவும் பி.சி. ஸ்ரீராமும் மாநிற, கருநிற முகங்களைப் பூச்சின்றியே அழகுறக் காட்டியிருந்தமையால் பின்வந்தோர்க்கு வழி திறந்தே இருந்தது. படப்பிடிப்பு முடிந்தபின் கணினியில் செய்யும் வண்ணச் சீராக்கத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். இரவுக்கு நீலமும் பச்சையும் ஏற்றும் அயல்நாட்டு முறையை அப்படியே பின்பற்றினால் தமிழ் முகங்கள் சாம்பல் பூத்து நோயுற்றவைபோலாகும். சற்றே செம்மை கலந்த இருளே இம்மண்ணின் தோலோடு இசைகிறது.

மடோன் அஸ்வின் இயக்கி 2023ஆம் ஆண்டு வெளிவந்த 'மாவீரன்' முகமூடியையே விலக்கிவிட்டது. சிவகார்த்திகேயன் ஏற்ற நாயகன், நாளிதழில் சித்திரக்கதை வரையும் ஓவியன், அச்சம் மிகுந்தவன். வீரனும் அவனது உடையும் அவன் வரையும் தாளிலேயே இருக்கின்றன. குடிசையிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட மக்களின் நடுவே, விரிசல் விழுந்த சுவர்களுக்கிடையே, அவனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கிறது. ஒவ்வொரு முறை அக்குரல் எழும்போதும் அவன் தலையை உயர்த்தி மேலே பார்க்கிறான். அந்தப் பார்வையைக் கண்டவுடன் எதிரிலிருப்போர் அஞ்சத் தொடங்குகின்றனர். முகம் முழுவதும் திறந்தே இருக்கிறது.